எபிரேயம் கற்றவருக்கு எந்த அரமேயம்?

கி.மு. 701இல் அசீரியப் படை எருசலேமை நெருக்கியபோது, ரப்சாக்கே என்ற அசீரிய அதிகாரி மதிலடியில் நின்றுகொண்டு, மேலே இருந்தவர்கள் காதில் விழும்படி யூதேய மொழியிலேயே மிரட்டினான். எசேக்கியா அரசனின் அதிகாரிகள் பதறிப்போய் அவனிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார்கள்: அரமேயத்தில் பேசுங்கள், எங்களுக்குப் புரியும், மதில்மேல் இருக்கும் சனங்கள் கேட்க எங்கள் மொழியில் பேச வேண்டாம். இரண்டாம் இராஜாக்கள் நூலின் 18ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. அன்றைக்கு அரமேயம் அதிகாரிகள் மட்டுமே அறிந்த வெளிமொழி. சாதாரண எருசலேம்வாசிக்கு அது விளங்காது.

சில நூற்றாண்டுகளில் நிலைமை மாறிப்போயிற்று. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களின் பிள்ளைகள் அரமேயத்தில் வளர்ந்தார்கள். அடுத்து வந்த பாரசீகப் பேரரசு அதையே தன் அலுவல் மொழியாக வைத்துக்கொண்டது. யூதர்களின் திருமணப் பத்திரமும் மணவிலக்குச் சீட்டும் இன்றுவரை மரபுப்படி அரமேயத்தில்தான் எழுதப்படுகின்றன. பெற்றோரை இழந்தவர் சொல்லும் கத்தீஷ் மன்றாட்டின் பெரும்பகுதியும், பஸ்கா இரவு உணவுக்கான அழைப்பும் அரமேயமே. எபிரேயர்கள் தங்கள் பழைய எழுத்தைக்கூட விட்டுவிட்டு அரமேய எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். இன்று எபிரேய எழுத்து என்று நாம் அறியும் சதுர வடிவம் அரமேயர் வழி வந்ததுதான்.

ஆகவே எபிரேயம் படிக்க வந்த எவரும் கொஞ்ச தூரம் போனதும் அரமேயத்தை எதிர்கொண்டே ஆக வேண்டும். அந்த இடத்தில் அவருக்கு இரண்டு விதமான அறிவுரைகள் கிடைக்கும். எபிரேயம் தெரிந்தவருக்கு அரமேயம் பாதி தெரிந்த மாதிரிதான், தல்மூத் என்ற யூதச் சட்ட விவாதத் தொகுப்பைத் திறந்து உட்கார்ந்தால் தானாக வரும் என்பது ஒன்று. இது முற்றிலும் வேறு மொழி, கல்வெட்டுக் காலத்திலிருந்து முறையாகப் படித்து வர வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது யெஷிவா என்னும் மரபுப் பாடசாலையின் குரல், இரண்டாவது பல்கலைக்கழகத்தின் குரல். என் கணிப்பில் இரண்டும் ஒரே விஷயத்தைத் தவறவிடுகின்றன. சொற்களைப் பொறுத்தவரை எபிரேயம் அள்ளிக் கொடுக்கும். வினையிலும் தொடரமைப்பிலும் அதே அளவுக்கு ஏமாற்றும். எதில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இந்த இரண்டில் எது மேலோங்கும் என்பது முடிவாகிறது.

முதலில் அரமேயம் என்ற பெயரின் கீழ் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூவாயிரம் ஆண்டுப் பரப்பு அது. ஜோசப் ஃபிட்ஸ்மயர் வகுத்த காலப் பகுப்பைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள்: கி.மு. 700 வரை பழைய அரமேயம், கி.மு. 200 வரை பேரரசு அரமேயம், கி.பி. 200 வரை இடைக்காலம், 700 வரை பிற்காலம், அதன்பின் இன்றைய பேச்சு வழக்குகள். 1979இல் கிடைத்த தெல் ஃபெக்கெரியே சிலையின் அக்காத்–அரமேய இருமொழிக் கல்வெட்டும், 1993இல் வடக்கு இஸ்ரேலின் தெல் தான் மேட்டில் கிடைத்த கல்வெட்டுத் துண்டும் பழைய அரமேயத்தைச் சேர்ந்தவை. தாவீதின் வீடு என்ற தொடரால் உலகப் புகழ் பெற்ற அந்தத் துண்டின் மொழி எபிரேயம் அல்ல, அரமேயம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

எபிரேய மாணவருக்கு உண்மையில் விருந்தாக அமைவது பேரரசு அரமேயம். நைல் நதியில் அஸ்வானுக்கு எதிரே உள்ள எலிபன்டைன் தீவில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பாரசீக அரசுக்குப் படைவேலை செய்த யூதக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்கள் விட்டுப்போன பாப்பிரஸ் ஏடுகளில் கடன் பத்திரம், வீட்டுப் பத்திரம், திருமண ஒப்பந்தம், குடும்பக் கடிதம் எல்லாம் உண்டு. கி.மு. 410இல் அங்கிருந்த யாஹோவின் கோயிலை க்னூம் தெய்வத்தின் பூசாரிகள் உள்ளூர் அதிகாரியின் துணையோடு இடித்தார்கள். 407இல் அதைத் திரும்பக் கட்ட உதவி கேட்டு யூதேயாவின் ஆளுநர் பகோஹிக்கு எழுதிய விண்ணப்பத்தின் இரண்டு பிரதிகள் நம் கைக்கு வந்திருக்கின்றன. எருசலேமுக்கு வெளியே யூதர்களுக்கு இன்னொரு கோயில் இருந்தது, அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. சபையில் எழுந்து நின்று மணவிலக்குக் கோரும் உரிமை அங்கே மனைவிக்கும் இருந்தது. திருமறை வழியாக மட்டும் பழைய இஸ்ரேலை அறிந்த ஒருவருக்கு இந்த ஏடுகள் தரும் அதிர்ச்சி எந்த இலக்கணப் பயிற்சிக்கும் ஊக்கமாக இருக்கும். பெஸலேல் போர்ட்டனும் அதா யார்தேனியும் 1986 முதல் 1999 வரை நான்கு தொகுதிகளாக இவற்றைப் பதிப்பித்துவிட்டதால், முன்பு போல சிதறிய பதிப்புகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அந்தப் பேரரசு மொழி எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கு நம் பக்கத்துச் சான்றே இருக்கிறது. அசோகர் தம் தர்மச் செய்தியைக் கந்தஹாரில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் பொறித்தார். அந்தக் கல்வெட்டு 1958இல் கண்டெடுக்கப்பட்டது. தட்சசீலத்திலும் அரமேயக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வடமேற்கு இந்தியாவின் கரோஷ்டி எழுத்து அரமேயத்திலிருந்து பிறந்தது. பிராமிக்கும் அதுவே மூலம் என்பாரும் உண்டு, அது முடியாத வழக்கு.

இனி மொழிக்குள் போகலாம். எபிரேயம் தெரிந்தவர் அரமேயத்தில் நுழைந்ததும் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் கயிறு ஒலி மாற்றம். எபிரேயத்தில் ஷின் வரும் பல இடங்களில் அரமேயத்தில் தாவ் வரும்: ஷோர் என்ற எருது தோர் ஆகிறது, ஷலோஷ் என்ற மூன்று தெலாத் ஆகிறது, யாஷவ் என்ற அமர்தல் யெதிவ் ஆகிறது. தானியேல் ஐந்தாம் அதிகாரத்தில் பெல்ஷாத்சாரின் சுவரில் எழுதப்பட்ட தெக்கேல், எபிரேயர் அறிந்த ஷெக்கேல் எடைதான். ஸயின் வரும் சில இடங்களில் தாலெத் வரும்: ஸாஹாவ் என்ற பொன் அங்கே தெஹாவ். எபிரேயத்தின் ஓகாரம் பல சொற்களில் ஆகாரமாக நிற்கும்: ஷாலோம் அங்கே ஷெலாம், தோவ் என்ற நன்மை தாவ். இந்த விதிகள் தற்செயலானவை அல்ல. மூல செமித்திய மொழியில் தனியாக இருந்த ஒலிகள் இரு மொழிகளிலும் வெவ்வேறு திசையில் போய்ச் சேர்ந்ததன் விளைவு. நாலைந்து விதிகளை மனத்தில் இருத்திக்கொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் அகராதி இல்லாமலே திறந்துகொள்ளும்.

இதில் மிக வினோதமானது ட்ஸாதே எழுத்தின் கதை. எபிரேயத்தில் ட்ஸாதே என்ற ஒரே எழுத்தில் அடங்கிய பழைய ஒலிகள் அரமேயத்தில் பிரிந்தே நின்றன. கோடைக்கான காயிட்ஸ் என்ற சொல்லில் அந்த இடத்தில் தேத் வருகிறது. பூமிக்கான எரெட்ஸ் என்ற சொல்லிலோ, பழைய அரமேயர் கோஃப் எழுதினார்கள், பின்வந்தவர்கள் அயின் எழுதினார்கள். எரேமியா நூலில் அரமேயத்தில் உள்ள ஒரே வசனம் 10:11. அந்த ஒரு வசனத்துக்குள்ளேயே பூமி என்ற சொல் முதலில் அர்கா என்றும் பிறகு அர்ஆ என்றும் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மொழி மாறிக்கொண்டிருப்பதை இவ்வளவு சிறிய இடத்தில் காட்டும் வேறு வசனம் எனக்குத் தெரிந்து திருமறையில் இல்லை.

இதுவரை எபிரேயம் தோழன். இனிமேல்தான் சிக்கல். எபிரேய மாணவர் மல்கா என்ற சொல்லைப் பார்த்ததும் அரசி என்று வாசிப்பார். அரமேயத்தில் அது அரசன். எபிரேயம் சொல்லுக்கு முன்னால் ஹ என்று ஒட்டிக் காட்டும் குறிப்புப் பொருளை அரமேயம் சொல்லின் இறுதியில் ஆகாரமாக ஒட்டுகிறது. எபிரேயத்தில் ஆகார இறுதி பெண்பாலைக் காட்டப் பழகிய கண்ணுக்கு, அரமேயப் பக்கம் முழுவதும் பெண்கள் நிறைந்திருப்பதாகத் தோன்றும். அவத் என்ற வினை எபிரேயத்தில் ஊழியம் செய்தல், அரமேயத்தில் வெறும் செய்தல். தினசரி இயக்கத்துக்கான வினைகளோ ஏறக்குறைய எல்லாமே வேறு: போவதற்கு ஹாலக் போய் அஸல் வரும், ஏறுவதற்கு ஆலா போய் செலெக் வரும், இறங்குவதற்கு யாரத் போய் நெஹத் வரும், வெளியேறுவதற்கு யாட்ஸா போய் நெஃபக் வரும். தமிழர் மலையாளம் கேட்கும்போது சொற்கள் தெரிந்தும் வினைமுற்று நழுவிப்போகுமே, அந்த அனுபவத்துக்கு இது பக்கத்தில் வரும்.

தொடரமைப்பில் வேறுபாடு இன்னும் ஆழம். திருமறை எபிரேயத்தின் கதை நடை, வாவ் எழுத்தோடு ஒட்டிய வினைகளின் சங்கிலியால் ஓடுவது. அந்தச் சங்கிலி திருமறை அரமேயத்தில் இல்லை. அங்கே இறந்தகால வினையும் வினையெச்சம் போன்ற வடிவமும் மாறிமாறி வரும், இடையிடையே அப்போது என்று பொருள்படும் எதாயின் என்ற சொல் கதையை நகர்த்தும். எபிரேயத்தின் நிஃபால் என்ற செயப்பாட்டு வடிவமும் அரமேயத்தில் கிடையாது. சொல்வரிசையும் தளர்ந்தது. தானியேலில் செயப்படுபொருள் முன்னால் வந்து வினை கடைசியில் உட்காரும் வாக்கியங்கள் ஏராளம். அக்காத் மொழியின் தாக்கம் என்பது பொதுவான விளக்கம். எபிரேயத்திலிருந்து வரும் ஐரோப்பிய மாணவர் இங்கே திணறுவார். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய தமிழ் மாணவருக்கு இது அவ்வளவு கஷ்டமில்லை. நமக்குக் கிடைக்கும் சிறிய சலுகை அது.

அப்படியானால் எந்த நூலில் தொடங்குவது? திருமறைக்குள் இருக்கும் அரமேயப் பகுதி சிறியது: சுமார் 270 வசனங்கள். தானியேல் 2:4இன் நடுவிலிருந்து 7ஆம் அதிகாரம் முடிய, எஸ்றாவில் 4:8 முதல் 6:18 வரையும் 7:12 முதல் 26 வரையும், எரேமியாவில் ஒன்று, ஆதியாகமம் 31:47இல் இரண்டு சொற்கள். தானியேல் நடுவழியில் மொழி மாறுவது பின்னால் நேர்ந்த கோளாறு அல்ல. கும்ரான் குகைகளில் கிடைத்த தானியேல் சுருள்களிலேயே 2:4இலும் 8:1இலும் அந்த மாற்றம் அப்படியே இருக்கிறது. ஐரோப்பியர் இந்த மொழியை நெடுங்காலம் கல்தேய மொழி என்று தவறாக அழைத்தார்கள். செபாஸ்டியன் மூன்ஸ்டர் 1527இல் பாசலில் அச்சிட்ட இலக்கணத்துக்கும் அதுதான் பெயர். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சீரிய பாஷை என்கிறது, அது எவ்வளவோ மேல்.

எஸ்றாவின் கடிதங்கள் அரசு மடல் நடையில் இருப்பவை. எலிபன்டைன் ஏடுகளைப் படித்தவருக்கு அதே வாய்பாடு இங்கேயும் கேட்கும். ஆனால் தொடங்குவதற்கு ஏற்றது தானியேல் 3 என்பேன். காரணம், அது சலிக்கச் சலிக்கத் திரும்பச் சொல்லும் அதிகாரம். சிலைக்கு முன் விழ வேண்டிய நேரத்தை அறிவிக்கும் இசைக்கருவிகளின் பட்டியல் நான்கு முறை வருகிறது. கூட வந்து நிற்கும் அதிகாரிகளின் பட்டியலும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கருவிகளில் கிதரோஸ், பெசந்தெரின், சூம்போன்யா ஆகியவை கிரேக்கச் சொற்கள். அதிகாரிகளின் பட்டங்களில் பாதி பாரசீகம். பேரரசு ஒன்றின் அலுவலகம் எப்படிப் பல மொழிகளைக் கலந்து பேசியது என்பதை மாணவர் தன்னையறியாமல் மனப்பாடம் செய்துவிடுவார். அரமேயப் பகுதியின் கடைசியில், ஏழாம் அதிகாரத்தில் வரும் கனவை இரண்டாம் ஆண்டுக்கு விட்டுவிடலாம்.

இலக்கண நூல்களில் ஃபிரான்ஸ் ரோசென்தாலின் 1961ஆம் ஆண்டு நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. சிறியது, சுருக்கமானது, ஆனால் தொடக்க மாணவருக்குக் கல். ஃபிரெடரிக் கிரீன்ஸ்பான் 1999இல் எழுதிய அறிமுக நூல் எபிரேயம் தெரிந்தவரை முன்னிறுத்தியே பாடங்களை அமைத்திருக்கிறது. தனியாகப் படிப்பவருக்கு அதுவே ஏற்றது.

திருமறை அரமேயத்தை முடித்தவர் அடுத்து நேராகத் தல்மூதுக்குப் போகக் கூடாது. நடுவில் ஒன்கெலோஸ் தர்கூம் இருக்கிறது. மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் அரமேய மொழிபெயர்ப்பான இது பெரும்பாலும் எபிரேயத்தை வரிக்கு வரி தொடர்வது. எபிரேய மூலம் பக்கத்தில் இருப்பதால் அகராதி தேவைப்படுவது குறைவு. மூலத்திலிருந்து அது விலகும் இடங்கள்தான் சுவாரசியம்: கடவுளுக்குக் கையும் கண்ணும் இருப்பதுபோல் தோராவில் வரும் சொற்களைத் தர்கூம் மெதுவாக மாற்றிவிடும். வாரப் பகுதியை எபிரேயத்தில் இரண்டு முறையும் தர்கூமில் ஒரு முறையும் வாசிக்க வேண்டும் என்று தல்மூதின் பெராகோத் பகுதியே விதிக்கிறது. யேமன் யூதர்கள் ஜெபாலயத்தில் வசனத்துக்கு வசனம் ஒன்கெலோஸை ஓதும் வழக்கத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய விதியைவிடச் சிறந்த பாடத்திட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்துவிடவில்லை.

தல்மூத் வேறு உலகம். பாபிலோனியத் தல்மூதில் மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பும் அதைச் சார்ந்த பழைய மேற்கோள்களும் எபிரேயம், அவற்றின்மேல் நடக்கும் வாதம் அரமேயம். ஒரே வரியில் இரண்டும் மாறும். உயிர்க்குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. திருமறை அரமேயத்தில் படர்க்கை வினைக்கு முன்னால் வரும் யோத் இங்கே பெரும்பாலும் லாமெத் ஆகிவிடும். பன்மை இறுதிகள் தேய்ந்துவிடும், கடைசி மெய்கள் காணாமல் போகும், கா என்றொரு சிறு சொல் வினைக்கு முன்னால் வந்து உட்காரும். யெஷிவா மாணவர் இதையெல்லாம் பகுத்துப் பார்ப்பதில்லை. மாய் தஆமா என்றால் என்ன காரணம், தேக்கு என்றால் தீராத கேள்வி என்று முழுத்தொடர்களாக விழுங்கிவிடுவார். 1923இல் வியன்னாவில் மேயிர் ஷபீரோ முன்வைத்த தினம் ஓர் ஏடு என்ற திட்டத்தில் 2,711 ஏடுகளை ஏழரை ஆண்டுகளில் படித்து முடிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அரமேய வினைவாய்பாடு ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டார்கள். வாதம் புரிகிறது, மொழி மங்கலாகவே நிற்கிறது. ஆதின் ஸ்டைன்சால்ட்ஸ் 1965இல் தொடங்கி 2010இல் முடித்த நவீன எபிரேயப் பதிப்பு இந்த வாசகர்களுக்குப் பெரிய உதவி. அரமேயம் கற்கும் தேவையையும் அதுவே குறைத்துவிட்டது.

யெஷிவா வழியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. காது பழகுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த வழியில் வந்தவர் எருசலேம் தல்மூதைத் திறந்தால் தடுமாறுவார், ஏனென்றால் அது கலிலேய அரமேயம். கலிலேயர் தொண்டை ஒலிகளைக் குழப்புவார்கள் என்பது பழங்காலத்திலேயே கேலிக்கு உரிய விஷயம். ஒரு கலிலேயன் கடைத்தெருவில் அமர் வேண்டும் என்று கேட்க, ஏறிப்போகக் கழுதையா, குடிக்க மதுவா, உடுக்கக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா என்று திருப்பிக் கேட்டார்களாம். எருவின் என்ற பகுதியில் இந்தக் கதை இருக்கிறது. இயேசுவின் வாயில் நற்செய்தி நூல்கள் வைக்கும் தலீத்தா கூமி போன்ற சொற்களும் இந்த மேற்கு வழக்கின் உறவுதான்.

இந்தக் கலிலேய வழக்கின் உண்மை வடிவம் தெரிய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குஸ்தாஃப் தால்மன் 1894இல் எழுதிய இலக்கணம் அச்சுப் பதிப்புகளை நம்பி எழுதப்பட்டது. பாபிலோனிய வழக்கில் ஊறிய எழுத்தர்கள் பலஸ்தீன நூல்களைப் படி எடுக்கும்போது தங்கள் வழக்குக்குத் திருத்திவிட்டார்கள் என்பதை 1950களின் தொடக்கத்தில் எகெஸ்கேல் குட்ஷர் காட்டினார். நல்ல கையெழுத்துப் படிகளையும் கெய்ரோ ஜெபாலயத்தின் பழஞ்சுவடி அறையான கெனிசாவின் துண்டுகளையும் தவிர வேறெதையும் நம்ப முடியாது என்றாயிற்று. அகராதிகளிலும் இதே திருப்பம் நடந்தது. மார்கஸ் ஜாஸ்ட்ரோவின் பெரிய அகராதி, 1886 முதல் 1903 வரை வெளியானது, எல்லா வழக்குகளையும் எபிரேயத்தோடு சேர்த்து ஒரே பையில் போட்டது. கிரேக்கக் கடன்சொற்களுக்குக்கூட செமித்திய வேர் கற்பித்தது. மைக்கேல் சோகொலோஃப் 1990இல் பலஸ்தீன வழக்குக்கும் 2002இல் பாபிலோனிய வழக்குக்கும் தனித்தனி அகராதி தந்தார். சின்சினாட்டி எபிரேய யூனியன் கல்லூரியின் அரமேயச் சொற்களஞ்சியத் திட்டம் எல்லா வழக்குகளையும் இணையத்தில் இலவசமாகத் தேடித் தருகிறது. ஜாஸ்ட்ரோ மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டுமே இன்றும் மாணவர்கள் அதில் தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம்.

சோகார் என்ற மறைஞான நூலுக்காக அரமேயம் கற்க வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பதின்மூன்றாம் நூற்றாண்டு ஸ்பெயினில் உருவானது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. கெர்ஷோம் ஷோலெம் காட்டியபடி அதன் அரமேயம் ஒன்கெலோஸையும் தல்மூதையும் கலந்து செய்த ஏட்டு மொழி. எங்கும் எவரும் பேசாத அந்த மொழியில் அரமேயம் கற்கத் தொடங்குவது வீண்.

அளவில் மற்ற எல்லா அரமேய இலக்கியங்களையும் மிஞ்சுவது கிறித்தவர்களின் சிரியாக். எபிரேய மாணவருக்கு அதன் எழுத்து புதிது. ஆகார இறுதி அங்கே குறிப்புப் பொருளை இழந்து வெறும் சாதாரண வடிவமாகிவிட்டது, படர்க்கை வினை நூன் எழுத்தில் தொடங்கும். ஆனால் எபிரேயத்திலிருந்து மொழிபெயர்த்த, பெஷித்தா என்னும் சிரியாக் திருமறையின் பழைய ஏற்பாடு அவருக்கு ஒன்கெலோஸ் போலவே துணை நிற்கும். தென்னிந்தியருக்கு இது தூரத்து விஷயமும் அல்ல. கேரளத்தின் சுரியானி கிறித்தவர்கள் நூற்றாண்டுகளாக அதில் வழிபட்டவர்கள். கோட்டயத்தில் 1985 முதல் புனித எப்ரேம் ஆய்வு நிறுவனம் அதைக் கற்பிக்கிறது. வட்டெழுத்தில் அமைந்த கி.பி. 849ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மூன்று எழுத்துகளுமே அரமேய எழுத்தின் பிள்ளைகள்.

இறந்த மொழி என்று சொல்வதும் சரியல்ல. சிரியாவின் மாலூலா வட்டாரத்தில் மேற்கு அரமேயம் பேசுவோர் இருக்கிறார்கள். 1950–51இல் குர்திஸ்தானிலிருந்து இஸ்ரேலுக்குப் போன யூதர்கள் வடகிழக்கு வழக்கைக் கொண்டுபோனார்கள். சாகோ ஊரில் பிறந்த யோனா சபார் தம் தாய்மொழிக்கே 2002இல் அகராதி எழுதினார். பழைய நூல்களை வாசிக்க இவை நேரடியாக உதவாது, காலம் அவ்வளவு பிரித்துவிட்டது.

நம் ஊர் இறையியல் கல்லூரியிலோ தனியாகவோ எபிரேயம் படித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்பவருக்கு என் பரிந்துரை இதுதான்: கிரீன்ஸ்பான் இலக்கணத்தோடு தானியேல் 3, பிறகு எஸ்றா, அதன் பக்கத்தில் வைத்து எலிபன்டைன் விண்ணப்பம். பின் ஓராண்டு வாரந்தோறும் ஒன்கெலோஸ். தல்மூத் வேண்டுபவர் அதன்பின் சோகொலோஃப் அகராதியோடு பெராகோத்தைத் திறக்கலாம், கிறித்தவ மரபு வேண்டுபவர் கோட்டயத்துக்கு ரயில் ஏறலாம். எந்தப் பக்கம் போனாலும் மல்கா என்று கண்டால் ஒரு கணம் நின்று, அரசனா அரசியா என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.